இரண்டு விரல் இடுக்கு

பாப்பா பிறந்து பதினோராம் நாள். இரவு மூன்று மணி இருக்கும். பால் குடித்து முடித்து அம்மாவின் தோளில் கிடந்தாள். மனைவி, வாய் துடைக்க வைத்திருந்த துணியைத் தேடினாள். "இப்பத்தான் கட்டில் ஓரத்துல வெச்சேன்" என்றாள். போர்வைக்கு அடியில் இல்லை, தலையணைக்கு அடியிலும் இல்லை. "என்னங்க, அந்த போன் லைட்டைக் கொஞ்சம் அடிங்க." அடித்துப் பார்த்தால், எங்கள் மெத்தைக்கும், கட்டிலோடு ஒட்டி மாட்டியிருந்த பாப்பாவின் தொட்டிலுக்கும் நடுவில் துணியின் ஒரு முனை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

பிடித்து இழுத்தேன், வந்துவிட்டது. அப்புறம் அதே இடத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு விரல் போனது. இரண்டாவது விரலும் தாராளமாகப் போனது.

அந்தத் தொட்டிலை மாட்டியவன் நான்தான். மாட்டிய அன்று இடுக்கே கிடையாது. ஒரு காகிதம்கூட நுழையாது என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். பிறகு யாரும் அதை நகர்த்தவில்லை, கழற்றவில்லை. பதினோரு நாளில் இரண்டு விரல் அகலம் எங்கிருந்து முளைத்தது? அன்று இரவு எனக்கு அது புரியவில்லை. பாப்பாவைத் தொட்டிலோடு தனியாக நகர்த்தி, திறந்திருந்த பக்கத்தை ஏற்றி மூடி, விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

விடை காலையில் கிடைத்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பெட்சைடு ஸ்லீப்பர் என்று கடைக்காரர்கள் சொல்வது அடிப்படையில் ஒரு சின்னத் தொட்டில். அதன் ஒரு பக்கத்தை இறக்கி, நம் கட்டிலோடு சேர்த்து பெல்ட்டால் கட்டிவிடலாம். வீட்டுக்கு ஒட்டுத்திண்ணை மாதிரி கட்டிலுக்கு ஒட்டுத்தொட்டில். நான் அப்படித்தான் அதைக் கூப்பிட்டேன், வீட்டில் அந்தப் பெயரே நின்றுவிட்டது. குழந்தை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும், ஆனால் நம் மெத்தையில் இருக்காது. விளம்பரப் படங்களில் முதல் பாதியைத்தான் காட்டுவார்கள்: அம்மாவின் கை குழந்தையின் வயிற்றின் மேல், இரண்டு பேர் முகத்திலும் தூக்கம். இரண்டாவது பாதியைப் படம் எடுக்க முடியாது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். படுக்கையும் வேறு என்பதற்காகத்தான் இந்தப் பொருளே இருக்கிறது.

எங்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்றால், சிசேரியன். தேதி முன்பே குறித்தாகிவிட்டது. தையல் போட்ட வயிற்றோடு எழுந்து, திரும்பி, குனிந்து, ஆழமான தொட்டிலுக்குள்ளிருந்து மூன்று கிலோவைத் தூக்குவது எப்படிப்பட்ட வேலை என்று ஏற்கெனவே பட்டவர்கள் சொல்லியிருந்தார்கள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். இரவில் மட்டும் மூன்று நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்காமல், படுக்கையில் உட்கார்ந்தபடியே குழந்தையை எடுக்க முடிந்தால் அதுவே பெரிய உதவி. இன்னொன்று, எங்கள் இரண்டு பேருக்குமே குழந்தையை வேறு அறையில் போட மனம் வராது. நல்லவேளையாக மருத்துவமும் அதையே சொல்கிறது. அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவர்கள் அமைப்பின் 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரை, குறைந்தது முதல் 6 மாதம் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவது நல்லது என்கிறது. திடீர் சிசு மரணம் எனப்படும், காரணம் பிடிபடாத தூக்க மரணங்கள் அதிகம் நிகழ்வது ஒன்று முதல் நான்கு மாதம் வரை. சரியாக ஒட்டுத்தொட்டில் பயன்படும் காலம்.

இதை வாங்கலாமா என்று படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அதே அமைப்பு 2016-இல் வெளியிட்ட அறிக்கையில், பெட்சைடு ஸ்லீப்பரை வாங்குங்கள் என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, போதுமான ஆய்வு இல்லை என்று எழுதியிருந்தார்கள். அது எனக்குப் பிடித்தது. எல்லாம் தெரிந்த மாதிரி பேசும் பெட்டி மேல் வாசகங்களுக்கு நடுவில் ஒருவராவது தெரியாததைத் தெரியாது என்கிறார். அமெரிக்காவில் 2014-இலிருந்து இந்தப் பொருளுக்கென்று தனியாகக் கட்டாயத் தரநிலை இருக்கிறது. ஐரோப்பாவிலும் சிறு தொட்டில்களுக்கான 2019-ஆம் ஆண்டுத் தரநிலையில் இது அடங்கும். ஆகவே வாங்குவதென்றால் இப்படி ஏதாவது ஒரு தரநிலைக்கு உட்பட்டது என்று அதன் மேலேயே எழுதியிருப்பதைத்தான் வாங்குவது என்று முடிவு செய்தோம். பெயரில் ஸ்லீப்பர் என்றிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. பெற்றோரின் மெத்தை மேலேயே வைக்கிற, சுற்றிலும் குண்டு குண்டாகத் திண்டு வைத்த 'பேபி நெஸ்ட்' ஒன்று இதே வரிசையில்தான் அடுக்கியிருக்கிறது. அது வேறு சாதி. தேடும்போது இரண்டையும் கலந்துதான் காட்டுகிறார்கள்.

முதலில் வாங்கியது பொருந்தவில்லை. அதில் பிழை பாதி என்னுடையது. அளக்க வேண்டியதில் பாதியைத்தான் அளந்திருந்தேன்.

கட்டில் உயரத்தை அளந்தேன். தரையிலிருந்து மெத்தையின் மேல் விளிம்புவரை டேப் வைத்து அளந்து, தொட்டிலின் கால்கள் அந்த உயரத்துக்கு ஏறி இறங்குமா என்று பார்த்தேன். அது சரியாக இருந்தது. ஆனால் பல ஒட்டுத்தொட்டில்களின் கால்கள் நம் கட்டிலுக்கு அடியில் நுழைந்து நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. எங்கள் கட்டிலுக்கு அடியில் இழுப்பறை. தரைவரை பலகை. தொட்டிலின் கால் பலகையில் முட்டி நின்றது, தொட்டில் ஒரு சாண் தள்ளி நின்றது. விற்றவரிடம் கேட்டால், நடுவில் தலையணை வைத்து அடைத்துக்கொள்ளலாம் சார் என்றார். இதைவிட ஆபத்தான யோசனையை அந்த ஒன்பது மாதத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. திருப்பி அனுப்பிவிட்டு, கால்கள் வெளிப்பக்கமாகவே மடிகிற இன்னொன்றை வாங்கினோம். தரையோடு ஒட்டிய தாழ்வான கட்டில், தரையில் விரித்த மெத்தை, நீர்மெத்தை வைத்திருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது. அவர்களுக்கு நாலு பக்கமும் மூடிய சாதாரணச் சிறு தொட்டிலைப் பக்கத்தில் வைப்பதே சரி. அதில் ஒரு குறையும் இல்லை.

புதிதாக வந்ததில் இறக்கிய பக்கம் முழுக்கத் திறக்கவில்லை. குழந்தையின் மெத்தையிலிருந்து அரைச் சாணுக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு தடுப்பு எப்போதும் நின்றது. மனைவிக்கு முதலில் ஏமாற்றம். படத்தில் குழந்தையை அப்படியே சறுக்கி இழுத்துக்கொள்வது போல் இருந்ததே என்றாள். அந்தத் தடுப்பு ஐரோப்பியத் தரநிலை கேட்பது: குழந்தையின் மெத்தைக்கு மேல் குறைந்தது 120 மில்லிமீட்டர். அந்தத் தடுப்பின் மேல் விளிம்பு எங்கள் மெத்தையின் மேல்மட்டத்தோடு சமமாக நிற்க வேண்டும் என்று கையேட்டில் படம் போட்டிருந்தது. அதாவது குழந்தை எப்போதும் நம்மைவிட ஒரு படி தாழ்வில் இருக்கும். நம் மெத்தை தடுப்புக்கு மேல் முட்டிக்கொண்டு நிற்காது, குழந்தை நம் பக்கம் உருண்டு வராது. எடுக்கும்போது ஒரு கை அளவு தூக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் மனைவி அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டாள்.

பெரிய விவாதம் மெத்தையைப் பற்றித்தான் வந்தது. தொட்டிலோடு வந்த மெத்தை ஒன்றரை அங்குலம்கூட இல்லை. அம்மா வந்து ஒரு கையால் அழுத்திப் பார்த்தார்.

"ஏன்டா, இது பலகை மாதிரி இருக்கே. பிள்ளைக்கு முதுகு வலிக்காதா?"

"அப்படித்தான் இருக்கணுமாம்மா."

"யாரு சொன்னது? ஒரு போர்வையை நாலா மடிச்சுப் போடுடா. உள்ளங்கையில வெச்சுத் தாங்கின உடம்பு."

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. மென்மையான உடம்புக்கு மென்மையான படுக்கை என்பது யாருக்கும் தோன்றும் கணக்குதான். ஆனால் குழந்தையின் முதுகு நம் முதுகு இல்லை. நமக்கு மெத்தை தேவைப்படுவது நம் எடைக்காக. மூன்று கிலோ உடம்பு பலகையிலும் சுகமாகத் தூங்கும். அதற்குத் தெரியாததெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான். மெத்தென்ற இடத்தில் முகம் புதைந்தால், மூக்கைச் சுற்றி ஒரு குழி உண்டாகிறது. விட்ட மூச்சு அந்தக் குழியிலேயே தங்குகிறது. அதையே மறுபடி இழுக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஆக்சிஜன் குறைகிறது, கரியமிலவாயு கூடுகிறது. பெரியவர்கள் என்றால் உடம்பு தானாக விழித்துக்கொள்ளும். சில சிசுக்களுக்கு அந்த விழிப்பு வருவதில்லை. அழுதுகூடக் காட்டாது. அதனால்தான் கையை வைத்து அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்காத அளவு கெட்டியாக மெத்தை இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு சின்ன வித்தை தேவைப்பட்டது. போர்வையை மடித்துப் போட்டேன், அம்மாவின் கையைப் பிடித்து அதன் ஓரத்தில் வைத்தேன். மடிப்புக்கும் தொட்டிலின் துணிச் சுவருக்கும் இடையில் கை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "இந்த இடத்துல பாப்பா தலை போச்சுன்னா?" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. போர்வையை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தார். மெத்தைக்கு மேல் மெத்தை போடும்போது கெட்டித்தனம் போவதோடு இப்படி ஓர இடுக்கும் வருகிறது. தொட்டிலோடு வந்த மெத்தை, அதே அளவில் இழுத்துப் போட்ட ஒரு விரிப்பு, அதற்கு மேல் குழந்தை. தலையணை, பொம்மை, சுவரோரத் திண்டு, அழகான சின்னப் போர்வை எதுவும் கிடையாது. அன்பளிப்பாக வந்தவை எல்லாம் அந்த அலமாரிக்கே போயின.

குப்புறப் போடுவது பற்றியும் அம்மாவுக்கு ஒரு கதை இருந்தது. என்னைக் குப்புறப் போட்டுத்தான் தூங்க வைத்தாராம், அசையாமல் தூங்குவேனாம். அந்தக் காலத்தில் உலகின் பல பகுதிகளில் மருத்துவர்களே அப்படிச் சொன்னதுண்டு. அசையாமல் தூங்குவதே பிரச்சினை என்று பிறகுதான் தெரிந்தது. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் 'பேக் டு ஸ்லீப்' என்று ஓர் இயக்கமே நடத்திக் குழந்தைகளை மல்லாக்கப் போடச் சொன்னார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவில் திடீர் சிசு மரண விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மருந்து இல்லை, கருவி இல்லை, முக்கியமாகத் திருப்பிப் போட்டதுதான்.

மல்லாக்கப் போட்டால் கக்கின பால் புரையேறாதா என்று எனக்கே பயம் இருந்தது. எங்கள் குழந்தை மருத்துவர் ஒரு காகிதத்தில் இரண்டு குழாய்களை வரைந்து காட்டினார். நிமிர்ந்து நிற்கும்போது மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால். மல்லாக்கப் படுத்தால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. எதிர்த்து வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேலே ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் தலைகீழ்: மூச்சுக்குழாய் கீழே வந்துவிடும், பால் தானாக இறங்கும். அந்தக் காகிதத்தை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். வந்து போகிற உறவினர்களுக்கெல்லாம் காட்ட உதவியது.

இந்தப் பயத்தை வைத்துத்தான் சில தொட்டில்களில் ஒரு பக்கத்தை உயர்த்திச் சாய்வாக்கும் வசதி வருகிறது. எங்களுடையதிலும் இருந்தது. ஒரு பக்கக் காலை இரண்டு கட்டம் ஏற்றிக்கொள்ளலாம். நாங்கள் தொடவே இல்லை. சாய்வில் கிடக்கும் குழந்தை கீழே வழுக்கும், கனமான தலை முன்னால் மடியும், தாடை நெஞ்சில் இடிக்கும். ஸ்ட்ரா அளவுள்ள மூச்சுக்குழாய் அப்படி மடிந்தால் அடைபடும். அமெரிக்காவில் 2019-இல் ஒரு சாய்வுத் தூக்கத் தொட்டிலை, 30-க்கும் மேற்பட்ட சிசு மரணங்கள் பதிவான பிறகு, சுமார் 47 லட்சம் எண்ணிக்கையில் திரும்பப் பெற்றார்கள். 2022-இல் அங்கே சட்டமே வந்தது: சிசு தூங்குவதற்கென்று விற்கும் எதுவும் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது. சுற்றுத் திண்டுகளுக்கும் அதே சட்டத்தில்தான் தடை. தரை சமமாக இல்லாத வீடுகளில் சாய்வு தானாகவே வரும். போனில் மட்டம் பார்க்கிற செயலி இருக்கிறதே, அதை மெத்தை மேல் வைத்துப் பாருங்கள். எங்கள் அறையில் ஒரு டிகிரி காட்டியது. அதுவும் என்னை ஒரு மணி நேரம் குனிய வைத்தது என்பது வேறு கதை.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று, துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. அழகான துணி உறையைக் கழற்றிவிட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 2007-லும் 2008-லும் அமெரிக்காவில் கட்டிலோடு ஒட்டும் ஒரு வகைத் தொட்டிலில் இப்படித்தான் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். உறைக்கு அடியில் உலோகக் கம்பிகளுக்கு இடையே அகலம் அதிகம். உறையின் மடிப்பு விலகியபோது உடல் அந்தச் சந்தில் நுழைந்துவிட்டது, தலை நுழையவில்லை. கம்பிகளுக்கு இடையே சுமார் 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அங்கே கணக்கு. குளிர்பான டின் ஒன்று நுழைந்தால் இடைவெளி அதிகம் என்று எளிதாகச் சோதிக்கலாம். வலைத்துணிப் பக்கங்கள் இருப்பது நல்லது, காற்றும் வரும், படுத்தபடியே முகமும் தெரியும். ஆனால் வலை தளர்ந்து தொங்கக் கூடாது.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன்.

வெளிச்சம் வந்ததும் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். தொட்டிலின் இரண்டு பெல்ட்டுகளும் இருந்த இடத்திலேயே இறுக்கமாக இருந்தன. இழுத்தால் அசையவில்லை. தொட்டில் கட்டில் சட்டத்தோடு ஒட்டியபடிதான் நின்றது. நகர்ந்தது எங்கள் மெத்தை. கட்டில் சட்டத்தைவிட மெத்தை கொஞ்சம் சின்னது. பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் இருக்கும், விரிப்பைச் செருக அந்த இடைவெளி வேண்டும். நான் மறு ஓரத்தில் படுப்பவன். ராத்திரி நாலு தடவை எழுந்து, பொத்தென்று உட்கார்ந்து, உருண்டு படுத்து, ஒவ்வொரு தடவையும் மெத்தையை என் பக்கம் ஒரு நூல் இழுத்திருக்கிறேன். மனைவியும் தையல் வலியில் தொட்டில் பக்கத்துச் சட்டத்தில் காலை ஊன்றித்தான் பின்னால் நகர்ந்து உட்காருவாள். பதினோரு நாளில் நூல் நூலாகச் சேர்ந்து இரண்டு விரல். நான் தினமும் காலையில் பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு 'டைட்டா இருக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெல்ட் சொன்னது உண்மை. நான்தான் தவறான இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கையேட்டை அப்போதுதான் முழுக்கப் படித்தேன். எட்டாம் பக்கத்தில் இரண்டு படங்கள். சட்டமும் மெத்தையும் ஒரே விளிம்பில் முடிகிற கட்டிலுக்கு பெல்ட்டைச் சட்டத்தில் கட்டுவது ஒன்று. எங்களுடையது மாதிரியான கட்டிலுக்கு பெல்ட்டை மெத்தைக்கு அடியில் குறுக்கே கொண்டுபோய், மறுபக்க ஓரத்தைச் சுற்றிப் பிடிக்க வைப்பது இன்னொன்று. இரண்டாவதில் தொட்டில் மெத்தையைக் கட்டிப்பிடிக்கிறது, மெத்தை எங்கே போனாலும் தொட்டிலும் சேர்ந்து போகும். நான் முதல் படத்தோடு நிறுத்தியிருந்தேன். அதையும் ஸ்க்ரூ எல்லாம் முடுக்கி முடித்த களைப்பில்தான் பார்த்திருந்தேன்.

மெத்தையைத் தொட்டில் பக்கம் தள்ளி, மறு ஓரத்தில் மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் மிஞ்சிய இடத்தில் கெட்டியான ஒரு மரச்சட்டத்தை இறக்கி, பெல்ட்டைக் குறுக்கே மாற்றிக் கட்டினேன். அடைப்பது என்றால் பெரியவர்கள் பக்கத்தில்தான். குழந்தை பக்கத்து இடுக்கில் துண்டு, திண்டு, சுருட்டிய போர்வை எதையும் திணிக்கக் கூடாது. அழுத்தினால் அமுங்கும் எதுவும் அடைப்பு ஆகாது. மேலாகப் பார்த்தால் மூடியது போல் தெரியும், ஒரு தலை அதற்குள் புதைய முடியும்.

அதற்குப் பிறகு சோதிக்கும் முறையும் மாறியது. இரவு படுக்கப் போகும்போது ஒருவர் கட்டில் ஓரத்தில், பால் கொடுக்கும் இடத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் மெத்தை ஓரம் அமுங்கும், ஆளில்லாத மெத்தையில் பார்த்த பொருத்தத்துக்கு அர்த்தம் இல்லை. இன்னொருவர் தொட்டிலைக் கையால் வெளியே இழுக்க வேண்டும், பிறகு ஓரம் முழுக்க விரலை ஓட்ட வேண்டும். முப்பது விநாடி வேலை. மனைவி இதற்கு 'சீல் வைக்கிறது' என்று பெயர் வைத்தாள். "சீல் வெச்சாச்சா?" என்று கேட்காமல் அவள் பாப்பாவைக் கிடத்தியதில்லை.

ஒரு தடவை நான் ஒழுங்காக இல்லாமலும் போனேன். ஐந்தாவது வாரம். மனைவி தூங்கட்டும் என்று பாப்பாவை எடுத்துக்கொண்டு கூடத்தில் சோபாவில் சாய்ந்தேன். நெஞ்சில் கிடந்து தூங்கிப் போனாள். நானும்தான். "என்னங்க, எழுந்திருங்க" என்று மனைவி மெதுவாக, கத்தாமல் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. பாப்பா என் கையிடுக்கில் சோபாவின் சாய்வுப் பக்கமாகச் சரிந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குழந்தையோடு பெரியவர்கள் தூங்கிப்போகக் கூடாத இடங்களில் முதலாவது சோபாதான், சாய்வு நாற்காலியும் அதோடு சேர்த்தி. பால் கொடுக்கும்போது தூக்கம் வரும் என்று தோன்றினால், சோபாவைவிடத் தலையணை போர்வை ஒதுக்கிய கட்டிலே ஆபத்துக் குறைவு, விழித்ததும் குழந்தையை அதன் இடத்தில் விட வேண்டும் என்று அந்த மருத்துவர் அமைப்பே எழுதியிருக்கிறது. படுக்கையிலிருந்து எழாமலே குழந்தையைத் திருப்பிக் கிடத்த முடிகிறது என்பதுதான் ஒட்டுத்தொட்டிலின் பெரிய புண்ணியம் என்று எனக்கு அன்று பட்டது. அதை விட்டுவிட்டு நான் சோபாவுக்குப் போயிருந்தேன். பிறகு நாங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்: கண் சொருகினால் உடனே மற்றவரை எழுப்ப வேண்டும், பாவம் பார்க்கக் கூடாது.

மற்றவை எல்லாம் சின்னச் சின்னவை. தலைமாட்டில் தொங்கிய போன் சார்ஜர் ஒயரை அறையின் மறுபக்கம் மாற்றினோம். கேமரா ஒயர், திரைச்சீலைக் கயிறு எல்லாமே குழந்தையிடமிருந்து மூன்று அடியாவது தள்ளி இருக்க வேண்டும். பால் கொடுக்கும்போது மடியில் வைக்கிற வளைந்த திண்டு, வேலை முடிந்ததும் தரைக்குப் போய்விடும், தொட்டிலில் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. குளிருமோ என்ற கவலைக்குக் கையையும் காலையும் தொட்டுப் பார்த்துப் பயனில்லை, அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியைத் தொட வேண்டும். வேர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் கழற்ற வேண்டும். வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குத் தொப்பி வேண்டாம். துணியால் சுற்றிப் படுக்க வைத்தபோது பாப்பா திடுக்கிட்டுக் கையை விரிப்பது குறைந்தது உண்மைதான். ஆனால் புரள முயலும் முதல் அறிகுறியோடு அதை நிறுத்திவிட வேண்டும். கை கட்டுண்ட குழந்தை குப்புறப் புரண்டால் திரும்ப வழி இல்லை.

ஒட்டுத்தொட்டிலின் ஆயுளும் அதோடு முடிகிறது. பெட்டியில் ஆறு மாதம்வரை, ஒன்பது கிலோவரை என்று போட்டிருந்தது. பாப்பா ஐந்தாவது மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் மத்தியானம் குப்புறக் கவிழ்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டி எங்களைப் பார்த்தாள். எடை ஏழு கிலோகூட இல்லை. ஆனால் கையை ஊன்றி எழும்புவதும் புரள்வதும்தான் கணக்கு, எது முதலில் வருகிறதோ அதுதான் கடைசி நாள். அன்று இரவே உயரமான கம்பித் தொட்டிலுக்கு மாற்றினோம், அதே அறையில், கட்டிலிலிருந்து நாலு அடி தள்ளி. மூன்று நாள் மனைவி ராத்திரி தூக்கத்தில் கையை நீட்டி வெறும் காற்றைத் துழாவினாள்.

போன மாதம் மைத்துனன் போன் செய்தான். அவன் மனைவிக்கு ஏழாவது மாதம். "மாமா, அந்தத் தொட்டில் சும்மாதானே இருக்கு?" சும்மாதான் இருக்கிறது. பரணிலிருந்து இறக்கிப் பிரித்துப் பார்த்தேன். பழைய தொட்டிலைக் கொடுப்பதற்கு முன் அந்த மாடலைத் திரும்பப் பெறச் சொல்லி அறிவிப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடினேன், இல்லை. அதன் சொந்த மெத்தை இருக்கிறது. சட்டத்தின் பூட்டுகள் டக்கென்று விழுகின்றன, வலையில் கிழிசல் இல்லை. பெல்ட் இரண்டில் ஒன்றின் பக்கிள் உடைந்திருந்தது. அதற்குப் பதில் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று விடக் கூடாது என்பதால் தயாரித்தவர்களிடமே ஒன்று கேட்டு எழுதியிருக்கிறேன், வர இரண்டு வாரமாகும். கையேட்டை எட்டாம் பக்கத்தில் மடித்து உறைக்குள் வைத்தேன்.

அப்புறம் அவனுக்குத் திரும்பப் போன் செய்து, டேப்பை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போகச் சொன்னேன்.

"எதுக்கு மாமா?"

"உங்க கட்டிலுக்கு அடியில இழுப்பறை இருக்கா? முதல்ல அதைப் பார்த்துச் சொல்லு."